ராஜப்பன் வீட்டுக் குவாரி ஜீப்

தளியிலிருந்து ஜவளகிரிக்குப் போகும் சாலையில், காடு தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு மண்பாதை பிரியும். கொஞ்ச தூரம் ஏரிக்கரையை ஒட்டி ஓடி, பிறகு செங்குத்தாக ஒரு மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி நாலைந்து வீடுகளில் போய் முடியும். கடைசி வீடு ராஜப்பனுடையது. வெயில் காலத்தில் அந்தப் பாதையில் எந்த வண்டியும் வந்துவிடும். மழை பெய்துவிட்டால் செம்மண் குழைந்துபோய், பைக்கில் வருகிறவன்கூட இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

ராஜப்பனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. கார் பாகங்களுக்கு அச்சு செய்யும் டூல்ரூமில் ஃபிட்டர். காலையில் பைக்கில் தளி வரைக்கும் வந்து, அங்கே ஒரு டீக்கடை ஓரமாக அதை நிறுத்திவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவான். சாயங்காலம் அதே இடத்தில் இறங்குவான். கல்யாணமான நாளிலிருந்து இதில் பெரிய மாற்றம் இல்லை.

நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவன் மனைவி நாராயணம்மா. அவள் பிறந்தது கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் அருகே. தமிழ் நன்றாகப் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவாள். பீன்ஸ், கோஸ், கொத்தமல்லி என்று மாற்றி மாற்றி வைப்பாள். டிராக்டர் ஓட்டுவாள். லைசென்ஸும் உண்டு. பயிர் வைப்பதிலோ பறிப்பதிலோ அவளுக்குச் சிரமம் இருந்ததில்லை. பறித்ததைத் தளியில் இருக்கும் மண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தலைவலி. குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டியைத்தான் நம்பியிருந்தார்கள். ஒரு ஐப்பசியில் வாரம் முழுக்க மழை. வண்டிக்காரன் மேட்டின் அந்தப் பக்கம் வரைக்கும் வந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டான். பறித்து வைத்த பீன்ஸ் பெட்டிக்குள்ளேயே வெந்து அழுகியது. நாராயணம்மா அதைக் கூடை கூடையாக மாட்டுக்குக் கொட்டினாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று நமக்கே இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னாள்.

ராஜப்பன் அதைப் பிடித்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால், அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஜீப் மேல் ஒரு கண். ஒரு சாக்கு கிடைக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மூடிப்போன ஒரு கிரானைட் குவாரியில் பழைய டீசல் ஜீப் ஒன்று நிற்பதாகக் கூட வேலை செய்யும் ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தான். உடைந்த கல்லுக்கும் துருப்பிடித்த கம்பிவடத்துக்கும் நடுவே, டயர் நாலும் தரையோடு படிந்து, உடம்பு முழுக்க வெள்ளைக் கல்தூசி பூசிக்கொண்டு நின்றது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. ராஜப்பன் படுத்துக்கொண்டு அடியில் தவழ்ந்து பார்த்தான். வெளியே வந்தபோது சட்டை முழுக்க வெள்ளை. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு. கூட வந்திருந்த நாராயணம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே, இனி பேசிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டாள். இரண்டு கிடாரிகளை விற்றார்கள். ஜீப் லாரி மேல் ஏறி ஊருக்கு வந்தது. மேட்டின் அடியில் இறக்கி, அங்கிருந்து நாராயணம்மாதான் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தாள்.

வீட்டுப் பக்கத்தில் ஒரு நீளமான ஷெட் சும்மா கிடந்தது. முன்பு பட்டுப்புழு வளர்த்த இடம். மல்பெரியை எடுத்துவிட்டுக் காய்கறிக்கு மாறிய பிறகு சாக்கும் உரமும் போட்டு வைத்திருந்தார்கள். அதைக் கழுவிவிட்டு ஜீப்பை உள்ளே தள்ளினான் ராஜப்பன். அன்றிலிருந்து அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகளும் பண்டிகை லீவுகளும் அந்த ஷெட்டுக்குள் போயின.

அவன் வேலை செய்யும் விதம் பார்க்க நன்றாக இருக்கும். அவசரமே கிடையாது. ஒரு போல்ட்டைக் கழற்றினால், டீசலில் கழுவி, துணியால் துடைத்து, அது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் பெயரை எழுதிய டப்பாவில் போட்டு மூடுவான். பாடியைத் தனியாகத் தூக்கி மரக்கட்டைகள் மேல் வைத்தான். சேஸிஸைச் சுரண்டியபோது பின்பக்கம், பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. குவாரியில் பாறைமேல் குதித்துக் குதித்து வந்த விரிசல். தளியிலிருந்து வெல்டர் சென்றாயனைக் கூட்டி வந்து, விரிசலை முனை வரைக்கும் தேய்த்துத் திறந்து, நிரப்பி, மேலே ஒரு தகடும் வைத்துப் பற்ற வைத்தார்கள். சென்றாயன் ரொம்பப் பேசாத ஆள். வேலை முடிந்ததும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, சத்தம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

தரைத்தகடு முழுக்கத் துரு. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வளைத்துப் போட்டான். எலி கடித்த வயரையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தான். இன்ஜினைப் பிரித்துப் பிஸ்டன் வளையம் மாற்றினான். முதல் தடவை அது கிளம்பியபோது ஷெட்டே தெரியாத அளவுக்குப் புகை. தோட்டத்திலிருந்து ஓடி வந்த நாராயணம்மா, புகைக்குள் இருமிக்கொண்டே நின்றிருந்த புருஷனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்த நாள் இரண்டு பேருக்குமே நல்ல நாள்.

அப்போதே அவள் ஒன்று கேட்டாள்: பின்னால் கதவு கீழே மடிகிற மாதிரி வைத்தால் பெட்டி ஏற்ற வசதியாக இருக்கும். வைக்கிறேன் என்றான். அதற்குள் வேறொன்று வந்து அவன் மனதைப் பிடித்துக்கொண்டது.

கம்பெனியில் ஹரீஷ்குமார் என்று ஓர் இளம் இன்ஜினியர். நல்ல மனசுக்காரர், பெங்களூரிலிருந்து வருகிறவர். அவரும் ஜீப் வைத்திருந்தார். லீவு நாளில் கூட்டமாகச் சேர்ந்துகொண்டு சேற்றிலும் பாறையிலும் ஓட்டப் போவார்கள். ராஜப்பன் ஜீப் எடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் அவர் சந்தோஷமாகப் படங்களைக் காட்டினார். ஆளுயர டயர், கூரை மேல் வரிசையாக விளக்கு, முன்னால் கம்பி சுற்றும் உருளை, சேற்றிலிருந்து பாய்ந்து எழும் வண்டிகள். ராஜப்பன் அந்தப் படங்களைச் சாப்பாட்டு வேளையில் பார்ப்பான், பஸ்ஸில் பார்ப்பான், படுத்த பிறகும் பார்ப்பான். பிறகு வண்டி உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்குப் போய்வர ஆரம்பித்தான். ஒவ்வொரு தடவையும் எதையாவது சாக்கில் சுற்றிக்கொண்டு வருவான். ஒரு நாள் அகல டயர்கள் நாலு வந்து இறங்கின. மாட்டிப் பார்த்தபோது வண்டி இடுப்பை நிமிர்த்தி நின்றது. ஸ்டீயரிங்தான் கல்லாய்க் கனத்தது. கை பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டான்.

டயர் மாட்டிய அதே ஞாயிற்றுக்கிழமை முன்பக்க இடது சக்கரத்தின் உள்பக்கம் கொஞ்சம் ஈரம் இருப்பதைப் பார்த்தான். விரலால் தொட்டு முகர்ந்தான். பிரேக் ஆயில். அந்தச் சக்கரத்து பிரேக் சிலிண்டர் கசிகிறது; அந்தப் பக்கம் பிரேக் சரியாகப் பிடிக்காது. டிரம்மைக் கழற்றினால் பாதி நாள் போய்விடும். புது டயரோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அடுத்த வாரம் விளக்கு மாட்டினான். கம்பெனியில் என்றால் எதை முதலில் முடிக்க வேண்டும், எதைப் பிறகு என்று வேலைத்தாள் சொல்லும். வீட்டில் அப்படிச் சொல்ல யாருமில்லை. பிடித்ததை முதலில் செய்துகொண்டே போனான்.

பானெட் இல்லை, கதவு இல்லை, டிரைவர் உட்காரும் இடத்தில் ஒரு பலகை. அந்தக் கோலத்திலேயே களத்தைச் சுற்றி இரண்டு வட்டம் ஓட்டிக் காட்டினான். பக்கத்து நிலத்துச் சென்னகிருஷ்ணன் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். நாராயணம்மாவும் களை எடுப்பதை விட்டுவிட்டு வந்தாள். வண்டி ஓடுமா, நம்பி எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். ஆள் பார்க்கிறார்களே என்ற பெருமையில் ராஜப்பன் சொன்னான்:

“இனி எங்க வேணாலும் எடுத்துக்கினு போலாம்.”

அவள் தலையாட்டினாள். ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்டால் அவள் மறக்கிற ஆள் இல்லை.

புரட்டாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் முழுக்க மழை. ராஜப்பன் வழக்கம்போல வேலைக்குப் போனான். சாயங்காலம் பஸ் தளிக்குள் நுழைந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் தன் பைக் நிற்கும் டீக்கடையைப் பார்த்தான். பைக்குக்குப் பக்கத்தில் ஒரு ஜீப் நின்றது. பானெட் இல்லை. கூரை விளக்கு வரைக்கும் செம்மண் தெறித்திருந்தது. முன் பம்பரில் புல்லோடு ஒரு மண்கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பலகைமேல் நாராயணம்மா உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டில் வெள்ளைத் துணிக்கட்டு.

பஸ்ஸிலிருந்து எப்படி இறங்கினான் என்பது அவனுக்கு நினைவில்லை. முதலில் அவன் கண் போனது பம்பருக்கு. அது வளைந்திருக்கிறதா என்று பார்த்தது. அதை நாராயணம்மா கவனித்துவிட்டாள். அப்புறம்தான் அவன் அவள் கையைப் பார்த்தான். அந்த ஒரு நொடிக்காக ராஜப்பன் பிறகு பல நாள் வெட்கப்பட்டிருக்கிறான்.

“என்னா ஆச்சு? யாரைக் கேட்டு எடுத்துக்கினு வந்த?” என்றான். குரல் அவன் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாராயணம்மா கன்னடத்துக்குப் போகவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. இறங்காமலே, மெதுவாகச் சொன்னாள்.

“ஓடும்னு சொன்னீங்க. ஓடிச்சு. நிக்குமான்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லல.”

ராஜப்பன் பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, அவளை நகர்ந்து உட்காரச் சொல்லி, ஸ்டீயரிங்கைப் பிடித்தான். பக்கத்தில் சீட் இல்லாததால், காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் அவள் உட்கார்ந்தாள். சாலையில் வண்டி ஊர்ந்தது. நடந்ததை அவள் வழியில் சொன்னாள்.

பீன்ஸ் பறித்துப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. லோடு வண்டிக்காரன் வரமாட்டேன் என்று போன் செய்துவிட்டான். மத்தியானத்துக்குள் மண்டிக்குப் போகாவிட்டால் போன வருஷத்துக் கதைதான். ராஜப்பனுக்குப் போன் செய்தாள். டூல்ரூமுக்குள் போன் எடுத்துப் போக விடமாட்டார்கள், அது லாக்கரில் அடித்து அடித்து ஓய்ந்தது. டிராக்டரில் போகலாம் என்றால் அதன் டிரெய்லரைச் சென்னகிருஷ்ணன் வாங்கிப் போயிருந்தார். ஷெட்டில் சாவி ஆணியில் தொங்கியது. எங்க வேணாலும் போலாம் என்று புருஷன் சொல்லியிருக்கிறான். பெட்டிகளை ஏற்றினாள். நாலு சக்கரமும் இழுக்கும் கியரைப் போட்டாள். டிராக்டர் ஓட்டுகிறவளுக்கு அது புதிதல்ல. மேட்டில் ஏறும்போது வண்டி ஒரு தடவைகூடத் திணறவில்லை. இப்படி ஏறும் என்று நினைக்கவே இல்லை என்று அவள் சொன்னபோது குரலில் ஒரு துளி சந்தோஷம்கூட இருந்தது.

இறக்கத்தில்தான் கோளாறு. ஏரி வலப்பக்கம். பிரேக்கை மிதித்ததும் வண்டி வலது பக்கம், தண்ணீரைப் பார்த்து இழுத்தது. விட்டு மிதித்தாள், மறுபடியும் இழுத்தது. பலம் முழுவதையும் போட்டு ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினாள். அந்த அகல டயருக்கு ஸ்டீயரிங் சுலபமாகத் திரும்பவில்லை; திரும்பியபோது படீரென்று சுழன்று மணிக்கட்டை முறுக்கிவிட்டது. ஜீப் இடப்பக்கத்து மண்கரையில் முட்டி நின்றது. இரண்டு பெட்டி உருண்டு பீன்ஸ் பாதையெல்லாம் கொட்டியது. பிறகு இறங்கிப் பீன்ஸைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள். வண்டியைப் பின்னால் எடுத்து, முதல் கியரிலேயே, பிரேக்கைத் தொடாமல் கீழே இறக்கினாள். மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, அவன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். அந்த இறக்கத்தைத் திரும்பவும் தனியாகப் பார்க்க அவளுக்கு மனமில்லை.

ராஜப்பன் ஏரிக்கரைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினான். மண்கரையில் பம்பர் குத்திய பள்ளம் தெரிந்தது. திரும்பி வரும்போது இடப்பக்கமாகிவிட்ட ஏரி நிரம்பிக் கிடந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். சக்கரத்தில் ஈரம் இருந்ததைப் பார்த்திருந்தேன், டயர் மோகத்தில் தள்ளிப்போட்டுவிட்டேன் என்று அப்போது சொன்னான். மழுப்பாமல், நேராகத்தான் சொன்னான். நாராயணம்மா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் ஓட்டியிருந்தாலும் இழுத்துத்தான் இருக்கும் என்றாள். அது மன்னிப்பா, இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவன் ஷெட் பக்கம் போகவில்லை. தோட்டத்தில் அவளுக்குப் பதிலாகத் தண்ணீர் பாய்ச்சினான், கொத்தமல்லி கட்டினான், பால் கறந்தான். ஓசூரில் ஒரு கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்க்கும் மகள் சுசித்ரா லீவில் வந்து, அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, இந்தத் தகரத்தை விற்றுத் தொலையுங்கள் என்றாள். ராஜப்பனும் அந்த முடிவுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். விற்கலாம் என்று நாராயணம்மாவிடம் சொல்லவும் சொன்னான்.

அவளுக்குக் கோபம் வந்தது. கன்னடத்திலேயே வந்தது. மேட்டில் அந்த வண்டி ஏறியதைக் கண்ணால் பார்த்தவள் நான், ஏறத் தெரிந்த வண்டியை எதற்கு விற்க வேண்டும் என்பது அதன் சாரம். மூச்சு வாங்கிக்கொண்டு, தமிழுக்கு வந்து, முடிவாகச் சொன்னாள்:

“விக்கற வேலை வேணாம். எனக்கு ஆவற மாதிரி பண்ணிக் குடுங்க.”

ராஜப்பன் அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தான். இத்தனை மாதம் ஜீப்பை அளந்தவன், ஓட்டப்போகிறவளை ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை ஷெட்டுக்குக் கூப்பிட்டுப் பலகையில் உட்காரவைத்தான். கால் கிளட்ச்சுக்கு எட்டுகிறதா, சாலை தெரிகிறதா, கியர் போடும்போது முழங்கை எங்கே இடிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளும் வெட்கப்படாமல் சொன்னாள். கால் எட்டத்தான் செய்கிறது, ஆனால் நுனிக்காலால் மிதிக்க வேண்டியிருக்கிறது. கூரை விளக்கு எனக்கு வேண்டாம். பின்னால் பெட்டி ஏற்றும்போது வெளிச்சம் விழுந்தால் போதும். இந்த டயர் வேண்டவே வேண்டாம்.

டயரை ஹரீஷ்குமாரே எடுத்துக்கொண்டார். நடந்ததைக் கேட்டு அவருக்கும் முகம் வாடிவிட்டது. தான் படம் காட்டியதால்தானே என்று நினைத்தார் போல. ராஜப்பன் அப்படி இல்லை என்று சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாற்றினால் இந்த இழுப்புக்கு இடமே இருக்காது, இதே வகையில் பிற்பாடு வந்த வண்டியின் பாகம் அப்படியே பொருந்தும் என்று அவர்தான் விசாரித்துச் சொன்னார். ஒரு சனிக்கிழமை தன் வண்டியிலேயே ஜே.சி. ரோட்டுக்குக் கூட்டிப் போனார். டிஸ்க், அதற்கான பிடிப்பான், காலின் பாரத்தைக் குறைக்கும் பூஸ்டர், பழைய வண்டியிலிருந்து கழற்றிய பவர் ஸ்டீயரிங் பெட்டி எல்லாம் வந்தன. இந்தத் தடவை எதையும் ராஜப்பன் சாக்கில் சுற்றவில்லை. வீட்டு வாசலில் பரப்பி வைத்து, எது எதற்கு என்று நாராயணம்மாவுக்குக் காட்டினான்.

பிரேக் குழாய்களை ஒன்றுவிடாமல் மாற்றினான். பழைய குழாய் ஒன்றை வளைத்தபோது கையிலேயே பொரிந்து உதிர்ந்தது. பலகையை எடுத்துவிட்டு இரண்டு சீட்டும், பானெட்டும் கதவும் மாட்டினான். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பீடம் வைத்து உயர்த்தி, முன்னால் நகர்த்தினான். மடிகிற பின்கதவைச் சென்றாயன் செய்து கொடுத்தார்.

எல்லாம் பூட்டிய பிறகு, குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். நாராயணம்மாவின் கை அப்போது ஆறிவிட்டது. அவள் மேலே உட்கார்ந்தாள். ராஜப்பன் சக்கரத்தடியில் படுத்தான்.

“மிதி” என்றான். மிதித்தாள். “அப்படியே பிடி.” திருகைத் திறந்தான், பாட்டிலில் விட்டிருந்த டியூப் வழியாக ஆயிலும் குமிழியுமாக வந்தது. மூடினான். “விடு.”

சக்கரம் சக்கரமாக இப்படியே போனது. மிதி, பிடி, விடு. அவன் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் கால் மட்டும் அவனுக்குத் தெரியும். கடைசிச் சக்கரத்தில் குமிழி நின்று ஆயில் மட்டும் வந்தபோது, பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது என்று அவள் மேலிருந்து சொன்னாள். கல் மாதிரி ஆனால்தான் சரி என்று கீழிருந்து பதில் சொன்னான். அப்போதுதான், ரொம்ப நாளைக்குப் பிறகு, இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. உடனே எழுந்திருக்காமல் கொஞ்சம் அங்கேயே படுத்திருந்தான்.

ஏரி இறக்கத்தில் முதலில் தானே ஓட்டிப் பார்ப்பது என்று ராஜப்பன் முடிவு செய்திருந்தான். காலையிலேயே தனியாகப் போய், மூன்று நாலு தடவை மேலும் கீழும் ஓட்டி, நடுவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். பிறகு பீன்ஸ் பெட்டியில் மண்ணை நிரப்பி ஏற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். நாராயணம்மா மேட்டின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அவன் மேலே வந்து வண்டியை விட்டு இறங்கியதும், நகருங்கள் என்று அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் பக்கத்து சீட்டில் உட்காரப் போனான். வேண்டாம், கீழே போய் நில்லுங்கள் என்றாள்.

கீழே, ஏரிப் பக்கமாகப் போய் நின்றான். வண்டி இறங்கியது. முன்பு முட்டிய இடத்துக்கு நேராக வந்ததும் அவள் பிரேக்கை மிதித்தாள். ஜீப் முன்னால் கொஞ்சம் தலைகுனிந்து, நேராக நின்றது. மண்ணில் டயர் பதிந்த தடம் இரண்டும் கோடு போட்ட மாதிரி இருந்தன. நாராயணம்மா அவனைப் பார்க்கவில்லை. பிரேக்கை விட்டு, இன்னும் கொஞ்சம் இறங்கி, மறுபடியும் மிதித்தாள். அப்புறம் அவனைத் தாண்டிக்கொண்டு தார்ச்சாலை வரைக்கும் போய், திருப்பிக்கொண்டு வந்து, ஏறச் சொன்னாள்.

வண்டியின் பதிவைப் புதுப்பிக்க ஓசூரில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனபோது கூரை விளக்கும் இல்லை, அகல டயரும் இல்லை; பழைய ஜீப் பழைய ஜீப் மாதிரிதான் இருந்தது. பிரேக்கை மாற்றியிருப்பதை ராஜப்பன் தானாகவே சொல்லி, பாகங்களின் ரசீதையும் காட்டினான். அதிகாரி மைதானத்தில் ஓட்டி, மிதித்துப் பார்த்துவிட்டு, குனிந்து சக்கரத்தையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பெயின்ட் மட்டும் அடிக்கவில்லை. பீன்ஸ் பறிப்பு வந்துவிட்டது, வண்டியைப் பத்து நாள் நிறுத்தி வைக்க நாராயணம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அந்தப் பருவம் முழுக்க அது சாம்பல் நிறப் பிரைமரோடுதான் மண்டிக்குப் போய் வந்தது. சாம்பல் ஜீப் அம்மா என்று மண்டியில் அவளுக்குப் பெயர் வந்தது. அடுத்த வருஷம் கரும்பச்சை அடித்தபோதும் அந்தப் பெயர் மாறவில்லை.

மழை பெய்யும் நாட்களில் பக்கத்து நிலத்துக்காரர்களும் தங்கள் பெட்டிகளை அதில் ஏற்றி அனுப்ப ஆரம்பித்தார்கள். காட்டோரத்துச் சாலையில் யானை நிற்கிறது என்று தகவல் வந்தால் அவள் தளியிலேயே நின்று, போனில் கேட்டுக்கொண்டு, பிறகு வருவாள். ராஜப்பன் பழையபடி கம்பெனி பஸ்ஸில்தான் போகிறான். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுப்பது இன்னும் உண்டு. முதலில் நாலு சக்கரத்தின் உள்பக்கமும் விரலால் தடவிப் பார்ப்பான். அது காய்ந்திருந்தால்தான் மற்ற வேலை.

போன மாசி மாதம் கிருஷ்ணகிரிக்கு அப்பால் நாகரசம்பட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஜீப்பிலேயே கிளம்பினார்கள். தளி தாண்டும் வரை ராஜப்பன் இன்ஜின் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு, இன்னொரு கியர் போடு, ஓரமாகப் போ என்று ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தான். நாராயணம்மா சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓசூர் வந்து, பெரிய ரோட்டில் ஏறி, லாரிகளோடு லாரியாக அவள் போய்க்கொண்டிருந்தபோது அவன் பேச்சு நின்றது. சூளகிரி பக்கத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். ராஜப்பன் வாயைத் திறந்துகொண்டு, தலை ஒரு பக்கம் சாய, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். கிருஷ்ணகிரி வரும் வரைக்கும் அவள் அவனை எழுப்பவில்லை.